லண்டன் – நியூயார்க்: தூரம் ஒன்றுதான், போக 8 மணி, வர 7 மணிக்கும் குறைவு. கணக்கு எங்கே இடிக்கிறது?

#1 · எக்ஸெல்_பிரியன்

லண்டனின் ஹீத்ரோ – நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத் தூரத்துக்கு நான்கு கால்குலேட்டர்களில் நான்கு எண் வருகிறது: 5,540, 5,555, 3,451, 2,999. அலகு வேறு என்பது புரிகிறது. முதல் இரண்டும் கிலோமீட்டர்தானே, அவை ஏன் வேறுபடுகின்றன?

அடுத்தது நேரம். 5,555-ஐ ஜெட் வேகம் 900-ஆல் வகுத்தால் 6.17, அதாவது 6 மணி 17 நிமிடம். ஆனால் அட்டவணையில் போக 8 மணி 10 நிமிடம், திரும்பி வர 6 மணி 55 நிமிடம் என்ற அளவில் போடுகிறார்கள். இரண்டுமே என் கணக்குக்கு ஒத்து வரவில்லை. ஒரு எக்ஸெல் தாள் தயாராகிக்கொண்டிருக்கிறது. தூரம், வேகம், நேர வித்தியாசம் மூன்றையும் கொடுத்தால் இறங்கும் நேரம் வர வேண்டும். எதை எங்கே சேர்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · சந்தேகப்பிராணி

முதலில் 6.17 என்பது 6 மணி 17 நிமிடம் இல்லை. 0.17 × 60 = 10. ஆக 6 மணி 10 நிமிடம். எக்ஸெல்லில் இந்தப் பிழை ஓசைப்படாமல் உட்கார்ந்துகொள்ளும். 24-ஆல் வகுத்து நேர வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

#3 · பெருவட்டம்

தூரக் கேள்விக்குப் பதில்.

5,540 கி.மீ. என்பது பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டையாக எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. பள்ளிக்கூட முக்கோணவியல் போதும், பெரும்பாலான எக்ஸெல் சூத்திரங்களும் இதுதான். 5,555 (துல்லியமாக 5,554 சொச்சம்) என்பது ஜி.பி.எஸ். பயன்படுத்தும் நீள்கோள வடிவில் போட்டது. பூமி துருவங்களில் தட்டையாகவும் நடுவில் பருத்தும் இருப்பதால், கிழக்கு மேற்காக ஓடும் பாதைகள் உருண்டைக் கணக்கைவிடச் சற்று நீளும். இங்கே 15 கி.மீ. சொச்சம், கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் கூட. நேரத்தில் ஒரே நிமிடம்தான் மாறும். உங்கள் தாளுக்கு எது வேண்டுமானாலும் போடலாம், இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

3,451 சாலை மைல், 2,999 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், சாலை மைல் 1,609 மீட்டர். விமானக் கணக்கு எல்லாமே கடல் மைலும் நாட்டும்தான். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். 3,451-ஐ நாட் வேகத்தால் வகுத்துவிட்டு ஒரு மணி நேரம் அதிகமாக வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இந்தத் துறையில் எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழி.

இவை எல்லாம் பெருவட்டத் தூரம். உருண்டையில் இரு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துக் கட்டினால் அது படியும் கோடு. சுவரில் தொங்கும் படத்தில் ஸ்கேல் வைத்து இழுத்தால் லண்டனிலிருந்து நியூயார்க் தென்மேற்கே, 258 பாகையில் இருக்கிறது. அந்தத் திசையை மாற்றாமல் பறந்தால் சுமார் 5,760 கி.மீ. ஆகும், 220 கி.மீ. வீண். பெருவட்டத்தில் புறப்படும்போது திசை 288 பாகை, அதாவது மேற்குக்கும் கொஞ்சம் வடக்கே. அயர்லாந்தைத் தாண்டி 23 பாகை மேற்கில் 53.7 வட அகலாங்கு வரை ஏறி, பிறகு வளைந்து, ஜே.எஃப்.கே.யை நெருங்கும்போது 231 பாகையில் தென்மேற்காக இறங்கும். தெற்கே போக வேண்டியவன் வடக்கே கிளம்புகிறானே என்று தோன்றும். வரைபடம் தட்டை, பூமி தட்டை இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்தக் கோட்டை ஒட்டியே கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கேண்டர் விமான நிலையம் இருக்கிறது. எரிபொருள் போதாத காலத்தில் எல்லோரும் அங்கே இறங்கி ஏறியது சும்மா இல்லை.

#4 · எக்ஸெல்_பிரியன்

அருமை. ஜே.எஃப்.கே.க்குப் பதில் அதன் பக்கத்து நிலையமான நியூவர்க் என்றால்?

#5 · பெருவட்டம்

ஏறத்தாழ 22 கி.மீ. கூட. இரண்டு நிமிடம்கூட இல்லை. அட்டவணையில் அதைவிடப் பெரிய வித்தியாசம் தெரிந்தால் அது தூரத்தால் வந்தது இல்லை, தரையில் நிற்கும் வரிசையால் வந்தது.

#6 · பொதுஅறிவு_புலி

போக அதிக நேரம், வரக் குறைந்த நேரம் என்பதற்குக் காரணம் பூமி சுழல்வது. இதற்கு இவ்வளவு கணக்கு எதற்கு?

#7 · மேல்காற்று

அப்படியானால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. லண்டன் அகலாங்கில் தரையே மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் கிழக்கே ஓடுகிறது. விமானம் அந்தரத்தில் நின்றாலே நியூயார்க் தானாக வந்து சேர வேண்டும். அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் நீந்துகிறது. ஓடும் ரயில் பெட்டிக்குள் முன்னும் பின்னும் நடக்க ஆகும் நேரம் ஒன்றுதானே?

சுழற்சிக்கு ஒரு மறைமுகப் பங்கு உண்டு. வெப்ப மண்டலக் காற்றும் துருவக் காற்றும் மோதும் இடத்தில் அழுத்த வேறுபாட்டால் வடக்கே பாய வேண்டிய காற்றைச் சுழற்சி வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. அதுதான் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று. குளிர்காலத்தில் தெற்கின் வெப்பக் காற்றுக்கும் வடக்கின் குளிர்காற்றுக்கும் வெப்ப வேறுபாடு கூடுவதால் இதுவும் வேகம் கூடும். பயணிகள் ஜெட் பறக்கும் உயரமும் ஏறத்தாழ அதேதான், ஆகவே தப்பிக்க வழி இல்லை.

இப்போது எக்ஸெல்_பிரியனின் கணக்கு. 36,000 அடியில் காற்றின் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 56.5 பாகை. அங்கே ஒலியின் வேகம் 574 நாட். போயிங் 787 போன்ற பெரிய ஜெட் மாக் 0.84-இல் (ஒலியின் வேகத்தில் 0.84 பங்கு) போனால் காற்றுக்குள் அதன் வேகம் 482 நாட், அதாவது 892 கி.மீ. உங்கள் 900 தவறில்லை. ஆனால் அது காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்தது இல்லை.

தூரத்தை 2,999 என்று வைக்காதீர்கள், 3,100 கடல் மைல் வையுங்கள். ரன்வே எந்தப் பக்கம் பார்க்கிறது, நெரிசல் எப்படி, கடல் பாதை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நூறு மைல் சுற்று என்பது சாதாரணம்.

சராசரியாக 60 நாட் காற்று என்று எடுத்தால்:

மேற்கே: 482 – 60 = 422. 3,100 ÷ 422 = 7 மணி 21 நிமிடம்.
கிழக்கே: 482 + 60 = 542. 3,100 ÷ 542 = 5 மணி 43 நிமிடம்.
காற்றே இல்லாவிட்டால் இரு பக்கமும் 6 மணி 26 நிமிடம்.

ஏறவும் இறங்கவும் வேகம் குறைவதற்கு 12 நிமிடம் கூட்டுங்கள். இது ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும். தரை நேரத்தை வேறு யாராவது சொல்வார்கள்.

கவனித்தீர்களா? போகவர மொத்தம் 13 மணி 4 நிமிடம். காற்று இல்லாவிட்டால் 12 மணி 52 நிமிடம். வரும்போது காற்று தருவது போகும்போது பிடுங்கியதைவிடக் குறைவு, ஏனென்றால் எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். காற்று கூடக் கூட இந்த நஷ்டமும் கூடும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதுதான் அமைதியான காற்றில் ஆகும் நேரம் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பருவத்துக்குத் தக்க மாற்றிக்கொள்ள: கோடையில் 30 நாட் போட்டால் மேற்கே 6:51, கிழக்கே 6:03. சனவரியில் 100 நாட் போட்டால் மேற்கே 8:07, கிழக்கே 5:20. ஒரே வழித்தடம், ஒரே விமானம். எரிபொருள் என்று பார்த்தால் 787-9 மணிக்குச் சுமார் ஐந்தரை டன் குடிக்கும். 60 நாட் நாளில்கூடப் போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் 9 டன்.

#8 · பொதுஅறிவு_புலி

ரயில் பெட்டி உதாரணம் சரிதான். வாபஸ்.

#9 · பாதை_இசட்

மேல்காற்று சொன்ன 3,100 எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் விரிவாக.

வட அட்லாண்டிக்கின் நடுவே தரை ரேடார் கிடையாது. ஆகவே ஒவ்வொரு நாளும் கடல் மேல் இணையான பாதைகளை இரண்டு முறை புதிதாகப் போடுகிறார்கள். பகலில் மேற்கே போகும் பாதைகளை ஷான்விக் போடும் (ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் இருக்கும் கட்டுப்பாட்டு மையம்). இரவில் கிழக்கே வரும் பாதைகளைக் கேண்டரில் இருக்கும் மையம் போடும். இருவருக்கும் எல்லை 30 பாகை மேற்கு நெடுங்கோடு. அந்தக் கோட்டில் மேற்குப் பாதைகள் உலக நேரம் (யு.டி.சி.) 11:30 முதல் 19:00 வரை செல்லும், கிழக்குப் பாதைகள் 01:00 முதல் 08:00 வரை. காலையில் ஐரோப்பாவில் கிளம்பு, இரவில் அமெரிக்காவில் கிளம்பு என்று கூட்டம் ஒரே பக்கமாக ஓடுவதால் இந்த ஏற்பாடு.

பெயர்கள்: மேற்குப் பாதைகள் வடக்கிலிருந்து ஏ, பி, சி என்று இறங்கும். கிழக்குப் பாதைகளில் தெற்கே இருப்பது இசட், அதற்கு வடக்கே ஒய், எக்ஸ் என்று ஏறும். கிழக்குப் பாதைகளை ஜெட் காற்றின் நடுவிலேயே வைப்பார்கள். மேற்குப் பாதைகளை அதிலிருந்து ஒதுக்கி, பெரும்பாலும் வடக்கே தள்ளுவார்கள். சில நாள் கிரீன்லாந்தின் தென்முனை அளவுக்கு ஏறிப் போகும். 150 கடல் மைல் சுற்றிப் போனாலும் 80 நாட் எதிர்க்காற்றைத் தவிர்த்தால் லாபம். ஆக, போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்று என்ற தலைப்பே பாதிதான் சரி. ஊருக்கு ஊர் தூரம் ஒன்று, பறக்கும் தூரம் வேறு.

ஒரே பாதையில் ஒரே உயரத்தில் முன்பு 10 நிமிட இடைவெளி விட வேண்டும். 2019-இல் செயற்கைக்கோள் வழியாக விமானங்களின் இருப்பிடம் தெரிய ஆரம்பித்த பிறகு, தகுந்த கருவி உள்ளவற்றுக்கு 14 கடல் மைல் வரை குறைத்தார்கள். 2022 மார்ச்சில் 33,000 அடிக்கும் அதற்குக் கீழும் பாதை போடுவதையே நிறுத்தினார்கள். அந்த உயரத்தில் அவரவருக்கு உகந்த வழியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தப்பு எங்கே நடக்கும்? கடல் புள்ளிகளுக்கு ஊர்ப்பெயர் இல்லை, வெறும் அகலாங்கும் நெடுங்கோடும்தான். 52 பாகை வடக்கு 50 மேற்கு என்பதற்கும் 52 பாகை 30 கலை (60 கலை ஒரு பாகை) வடக்கு 50 மேற்கு என்பதற்கும் கணினியில் வரும் சுருக்கக் குறியில் ஓரெழுத்துதான் வித்தியாசம். மாற்றித் தட்டினால் 30 கடல் மைல் விலகல், பக்கத்துப் பாதையில் இன்னொருவர். அதனால்தான் விமானிகள் இருவரும் தனித்தனியாக முழு எண்களையும் திரையில் விரித்துப் படித்து, அடுத்த புள்ளிக்கான திசையையும் தூரத்தையும் அச்சிட்ட திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

#10 · வெம்பிளி_வாசி

எனக்கு ஒண்டு விளங்கேல்லை அண்ணை. விமானம் ஒரு மணித்தியாலம் பிந்திக் கிளம்பினா, ஆகாயத்தில கெதியாப் பறந்து அந்த நேரத்தைப் பிடிக்கேலாதோ?

#11 · மேல்காற்று

மிகக் கொஞ்சம்தான். மாக் 0.84-ஐ 0.85 ஆக்கினால் 6 நாட்கூடக் கூடாது. எதிர்க்காற்றில் 422 என்பது 428 ஆகும், 3,100 மைலுக்கு மிச்சம் ஆறு நிமிடம். கிழக்கே வரும்போது அதுவும் குறைவு. அதற்கு மேல் போனால் விமானத்தின் வேக வரம்பை நெருங்கும், எரிபொருள் எகிறும். கடல் மேல் முன்னால் ஒருவர் 0.82-இல் போனால் பின்னால் வருபவர் இஷ்டத்துக்கு முந்தவும் முடியாது, உயரமோ பாதையோ மாற அனுமதி வேண்டும்.

தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்கு வந்துவிட்டால் வேகமாகப் பறந்து வந்தது இல்லை. அட்டவணையில் ஏற்கெனவே ஒளித்து வைத்திருந்த நிமிடங்கள் அவை.

#12 · நேரக்கணக்கர்

அந்த ஒளித்து வைத்த நிமிடங்களைப் பார்ப்போம்.

டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். கேட்டை விட்டு விமானம் நகரும் நொடியிலிருந்து மறுபக்கக் கேட்டில் நிற்கும் நொடி வரை. கேப்டன் அறிவிப்பில் "பயண நேரம் ஆறு மணி ஐந்து நிமிடம்" என்பது சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் எப்போதும் அரை மணி, முக்கால் மணி இடிக்கும்.

மேல்காற்றின் எண்களை வைத்து:

மேற்கே: 7:21 + 0:12 + ஹீத்ரோவில் ரன்வே வரை 20 நிமிடம் + ஜே.எஃப்.கே.யில் கேட் வரை 10 = 8:03. அட்டவணையில் 8:10.
கிழக்கே: 5:43 + 0:12 + ஜே.எஃப்.கே. மாலை வரிசை 35 + ஹீத்ரோவில் வட்டமிடல் 10 + கேட் வரை 8 = 6:48. அட்டவணையில் 6:55.

ஜே.எஃப்.கே.யில் மாலை ஆறு முதல் பத்து வரை ஐரோப்பா போகும் கூட்டம் முழுவதும் ஒன்றாகக் கிளம்புகிறது. ஆகவே அங்கே ஊர்ந்து போகும் நேரம் 35 என்பது நல்ல நாளில். இடி மழை வந்தால் அதற்குக் கணக்கே இல்லை.

ஹீத்ரோ பக்கச் சிக்கல் வேறு மாதிரி. பாவிங்டன், ஆக்கம், லாம்போர்ன், பிக்கின் ஹில் என்று நான்கு இடங்களில் விமானங்களை அடுக்கடுக்காகச் சுற்றவிடுவார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ நான்கு நிமிடம். இதைக் குறைக்கவே 2014 முதல் 350 கடல் மைலுக்கு முன்பாகவே வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். சுற்றினாலும் மெதுவாக வந்தாலும் இறங்கும் நேரம் ஒன்றுதான், ஆனால் உயரத்தில் மெதுவாக வருவது எரிபொருளுக்கு மிச்சம்.

போதாததற்கு இரவு 11:30 முதல் காலை 6 வரை ஹீத்ரோவில் இரவுக் கட்டுப்பாடு. பலத்த ஜெட் காற்று உள்ள நாளில் நியூயார்க்கிலிருந்து மாலை ஆறரைக்குக் கிளம்பியது ஐந்தே காலுக்கே வந்து நின்றால் இறங்க இடம் இருக்காது. ஆகவே கேட்டிலேயே தாமதப்படுத்துவார்கள், இல்லை மெதுவாகப் பறக்கச் சொல்வார்கள். வேகமான காற்று பயணிக்கு எப்போதும் சீக்கிரம் வீடு என்று அர்த்தம் இல்லை.

#13 · சந்தேகப்பிராணி

2020-இல் ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் வந்ததே, அது ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது என்று பரவியது. உண்மையா?

#14 · மேல்காற்று

வந்தது உண்மை, தாண்டியது பொய். 2020 பிப்ரவரி 8 இரவு ஜே.எஃப்.கே.யில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, கியாரா புயலைத் தள்ளிக்கொண்டு வந்த ஜெட் காற்றில் 4 மணி 56 நிமிடத்தில் ஹீத்ரோ வந்தது. தரை வேகம் உச்சத்தில் மணிக்கு 1,327 கி.மீ. அந்த உயரத்தில் ஒலியின் வேகம் 1,062 கி.மீ. சொச்சம், எண்ணை எண்ணோடு வைத்துத் தாண்டிவிட்டது என்று எழுதிவிட்டார்கள். காற்றைப் பொறுத்த அதன் வேகம் வழக்கமான 900 சொச்சம்தான், மீதி 400 சொச்சம் காற்று சுமந்தது. இறக்கைக்குத் தெரிவது காற்றைப் பொறுத்த வேகம் மட்டுமே.

உண்மையிலேயே தாண்டிய பயணிகள் விமானம் கான்கார்ட். 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க் – லண்டன் 2 மணி 52 நிமிடம் 59 நொடி. ஐம்பதாயிரம் அடிக்கு மேல் ஜெட் காற்று அடங்கிவிடும், போதாததற்கு அதன் வேகம் மாக் 2. ஆகவே நாளுக்கு நாள் பாதை மாற்றத் தேவைப்படவில்லை, அதற்கென்று நிலையான பாதைகள் இருந்தன. லண்டனில் காலை பத்தரைக்குக் கிளம்பி நியூயார்க்கில் ஒன்பதரைக்கு முன் இறங்கும். 2003-இல் நிறுத்திவிட்டார்கள்.

1958 அக்டோபர் 4-இல் காமெட் 4 முதல் ஜெட் சேவையாக நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஆறேகால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மேற்கே போனது கேண்டரில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போனது. அன்றைக்கும் இன்றைக்கும் கிழக்குத் திசை நேரம் கிட்டத்தட்ட அதேதான். மாறியது எரிபொருள் செலவு, வேகம் இல்லை.

#15 · பாதை_இசட்

சிறிய விமானங்களை விட்டுவிட்டீர்கள். இப்போது ஏர்பஸ் ஏ321 வகையும் இந்தத் தடத்தில் ஓடுகிறது. அமெரிக்க நிறுவனமான ஜெட்புளூ 2021 ஆகஸ்டிலிருந்து விடுகிறது. அது மாக் 0.78, காற்றில் 447 நாட். அதே 60 நாட் காற்றில் மேற்கே 8:00, கிழக்கே 6:07 ஆகாய நேரம். அதாவது மேற்கே 39 நிமிடம் கூட, கிழக்கே 23 அல்லது 24 நிமிடம் கூட. மெதுவானவனை எதிர்க்காற்று இன்னும் மெதுவாக்கும். தாளில் வேகத்துக்கு ஒரு தனிக் கட்டம் விடுங்கள்.

இதைவிட வேடிக்கை ஏ318. 2009 முதல் 2020 வரை லண்டன் சிட்டி நிலையத்திலிருந்து 32 இருக்கைகளோடு நியூயார்க் போனது. அங்கே ரன்வே 1,508 மீட்டர்தான். முழு எரிபொருளோடு கிளம்ப முடியாது. ஆகவே போகும்போது அயர்லாந்தின் ஷானனில் இறங்கி எண்ணெய் போடுவார்கள். அந்த இடைவெளியில் பயணிகள் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையையும் அங்கேயே முடித்துவிட்டு, நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணிபோல வெளியே நடந்துவிடுவார்கள். திரும்பும்போது ஜே.எஃப்.கே.யில் நீளமான ரன்வே, பின்காற்று, நேரே வந்துவிடும். ஒரு நிறுத்தம் கூடுதலாக இருந்தும் வாசலுக்கு வாசல் நேரம் அவ்வளவு கூடவில்லை.

#16 · பைசா_விடாதவர்

தூரம் பணமாகவும் மாறும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் 261 விதிப்படி தாமத இழப்பீடு பெருவட்டத் தூரத்தை வைத்துத்தான். 3,500 கி.மீ.க்கு மேல் இருந்தால் உச்சப் பிரிவு. சேரும் தாமதம் 3 மணியிலிருந்து 4 மணிக்குள் என்றால் 260 பவுண்டு, 4 மணியைத் தாண்டினால் 520 பவுண்டு. பாதை எவ்வளவு சுற்றினாலும் பறந்த மைல் கணக்கில் வராது. இடையில் விமானம் மாறினாலும் முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடைப்பட்ட நேர்த்தூரம்தான் எடுப்பார்கள், துண்டுகளைக் கூட்டுவதில்லை.

வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தொட்டதும் இல்லை, கேட்டில் நின்றதும் இல்லை. கதவு திறந்து இறங்க விட்ட நேரம். 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. 2 மணி 58 நிமிடத் தாமதத்துக்கும் 3 மணி 2 நிமிடத்துக்கும் நடுவே 260 பவுண்டு இருக்கிறது, ஆகவே கதவு திறந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

ஒரு பொறி: லண்டனில் கிளம்பினால் எந்த நிறுவனமானாலும் விதி பொருந்தும். நியூயார்க்கில் கிளம்பினால் பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருக்க வேண்டும், அமெரிக்க நிறுவனம் என்றால் பொருந்தாது. டிக்கெட்டில் இருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், பறக்கவைப்பது யார் என்று பாருங்கள். புயல், கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் தந்தாக வேண்டும்.

#17 · எக்ஸெல்_பிரியன்

எல்லோருக்கும் நன்றி. தாளில் இப்போது: தூரம் 3,100, வேகம் 482 அல்லது 447, காற்று மாதத்துக்கு ஒரு மதிப்பு, ஏற்ற இறக்கம் 12 நிமிடம், தரை நேரம் மேற்கே 30, கிழக்கே 53 (வட்டமிடல் உட்பட). கடைசியில் நேர வித்தியாசம் 5 மணி. மேற்கே போனால் கழி, கிழக்கே வந்தால் கூட்டு.

சோதனை வரிசை ஒன்று: 11:20-க்கு ஹீத்ரோ, 8:10 பயணம், லண்டன் நேரம் 19:30, நியூயார்க் நேரம் 14:30. சரி.
சோதனை வரிசை இரண்டு: 2026 மார்ச் 14, ஜே.எஃப்.கே. 21:30, 6:55 பயணம், நியூயார்க் நேரம் 04:25, லண்டன் நேரம் மறுநாள் 09:25.

இன்னொரு கட்டத்தில் கார்பன் கணக்குக்கும் 3,100-ஐயே போட்டிருக்கிறேன்.

#18 · பெருவட்டம்

கார்பனுக்கு அதைப் போடாதீர்கள். சர்வதேச சிவில் விமான அமைப்பின் முறையில் பெருவட்டத் தூரத்தோடு ஒரு நிலையான திருத்தம் கூட்டுவார்கள்: 550 கி.மீ.க்குக் கீழே 50, அதிலிருந்து 5,500 வரை 100, அதற்கு மேல் 125. உங்கள் தடம் 5,500-ஐ மயிரிழையில் தாண்டுவதால் 5,555 + 125 = 5,680 கி.மீ. வேறு முறைகளில் வேறு திருத்தம். எந்த முறை என்று கட்டத்தின் பக்கத்தில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட முடியாது.

#19 · வெம்பிளி_வாசி

சோதனை வரிசை ரெண்டு பிழை எண்டு நினைக்கிறன். மார்ச் 14-இல அமெரிக்காக்காரர் மணிக்கூட்டை மாத்திப்போட்டினம், லண்டன் இன்னும் மாத்தேல்லை.

#20 · நேரக்கணக்கர்

அதேதான். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இரண்டு அல்லது மூன்று வாரம் வித்தியாசம் 4 மணிதான். 2026-இல் மார்ச் 8 முதல் 29 வரை. மறுபக்கம் பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுக்கும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. அது எப்போதும் சரியாக ஒரு வாரம், 2026-இல் அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை. அப்போதும் 4 மணிதான்.

தாளில் வித்தியாசத்தை ஒற்றை எண்ணாக வைக்காதீர்கள். கிளம்பும் நேரத்தை முதலில் உலக நேரமாக்குங்கள், பயண நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு இறங்கும் ஊரின் அன்றைய நேரமாக்குங்கள். கடிகாரம் மாறும் இரவிலேயே பறக்கும் விமானங்களுக்கும் அப்போதுதான் சரியாக வரும். கிளம்பும்போது ஒரு வித்தியாசம், இறங்கும்போது வேறு என்று ஆகிவிடும். விமானிகளின் திட்டத்தாள் முழுக்க உலக நேரத்தில் இருப்பதும் இதனால்தான்.

#21 · எக்ஸெல்_பிரியன்

ஊருக்கு இரண்டு கட்டம், தேதிக்குத் தக்க மாறும்படி மாற்றிவிட்டேன். மார்ச் 14 வரிசையில் இப்போது 08:25 காட்டுகிறது. அக்டோபர் 25 இரவு கிளம்பும் வரிசையிலும் 09:25 என்பது 08:25 ஆகிவிட்டது. கார்பன் கட்டத்தில் 5,680.